ரோட்டோர மரங்களை வெட்டியவள்

என் அப்பா கள் குடித்துப் பழகாதவர். ஆனாலும் தோட்டத்தில் அவருக்குக் குடிகாரர் என்றுதான் பெயர். அந்தப் பெயரை அவரே பாடுபட்டுச் சம்பாதித்தார். சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போவார். ஒரு குவளை வாங்கி ஒரு வாய் ஊற்றிக் கொப்பளிப்பார். சட்டையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தள்ளிவிடுவார். பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்களைத் தாண்டி ஆடி ஆடி வீட்டுக்கு வருவார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அந்த ஆட்டத்துக்கும் கள்ளுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதெல்லாம் எதற்கு என்றால், தோட்டத்தில் குடிகாரனுக்குப் பிழைப்பு உண்டு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார், அதோடு சரி. மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றால் பெயரைக் கூப்பிடுவார்கள், வேலை கிடைக்கும். சீக்காளிக்கு அது கிடையாது. கை கால் விளங்காதவன் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிட்டு வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். அம்மா ஜப்பான்காரன் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குப் பத்தொன்பது வயது, தங்கச்சிக்கு எட்டு. லயத்து அறையை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடமில்லை.

மலாயாவில், பெடாஸுக்கு உள்ளே, காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட அவசர காலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட் திறந்ததும் வரிசையில் நின்று, மடியை உதறிக் காட்டி, வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போக முடியும். காட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் அரிசி கொண்டுபோகிறோம் என்று சர்க்காருக்குச் சந்தேகம். சர்க்காருக்கு நாங்கள் ஆள் காட்டுகிறோம் என்று காட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகம். இரண்டு பக்கமும் துப்பாக்கி. நடுவில் நாங்கள் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு, கேட் மூடுவதற்குள் திரும்பி வரவேண்டும். பயந்து பயந்து கடைசியில் அலுத்துப்போய்விட்டது. அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது அசதிதான்.

அப்பாவுக்கு அது விரலில் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் தானாக எதையோ எண்ணுவதுபோல் மடங்கி விரியும். பிறகு தோள் வெட்டி இழுத்தது. புருவம் ஏறி இறங்கியது. சோற்றுப் பிடி வாய்க்குப் போகும் வழியில் சிதறியது. ஒருநாள் தண்ணீர்க் குவளை கையை விட்டுப் பறந்து சுவரில் மோதியது. தங்கச்சி வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினாள். நான் அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். அந்தப் பிள்ளையை அடித்ததற்கு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அன்றுதான் அப்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "எங்கப்பனுக்கும் இப்படித்தாம்மா வந்துச்சு. மாரியாத்தா எறங்கியிருக்கான்னு ஊர்ல கும்புட்டாங்க. மூனு வருசம் கும்புட்டாங்க. அப்புறம் கட்டிலோட கட்டி வச்சாங்க."

பால் வெட்டுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபம். உளியை மரத்தில் வைத்து, முந்தின நாள் போட்ட கோட்டை ஒட்டியே சரிவாக இழுத்துக்கொண்டு போகவேண்டும். பட்டை மெல்லிசாகச் சீவிக்கொண்டு வரும். அடிப்பட்டையை வெற்றிலைக் கனத்துக்கு விட்டுவைக்கவேண்டும். அதற்கு மேலே நின்றால் பால் வராது. அதற்குள்ளே போனால் கட்டை தெரியும். கட்டை தெரிந்துவிட்டால் அது காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது, முண்டு முண்டாகக் கட்டிக்கொள்ளும், பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. வெட்டுக்காரன் ஒருவன் ஒரு மரத்தில் ஒரு வருஷம் எப்படி வேலை செய்தான் என்று அந்தப் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய காயம் மறைவதில்லை.

அப்பா அந்தத் தோட்டத்தில் பெயர் வாங்கிய வெட்டுக்காரர். புதிதாக வந்தவர்களை அவர் பங்கு மரங்கள் இருந்த நிரைக்குக் கூட்டிவந்து காட்டுவார்கள். அப்படிப்பட்ட கை ஒரே வருஷத்தில் கெட்டது. உளி கோட்டில் பாதி தூரம் ஒழுங்காகப் போகும். திடீரென்று தோள் வெட்டும், உளி கட்டைக்குள் பாயும். சில நாள் மேலே எகிறிப் பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துவிடும். அவர் மரத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். எனக்கு அதைப் பார்க்க முடியாது, என் நிரைக்கு ஓடிவிடுவேன்.

என் நிரை அவருடையதை அடுத்தது. எங்கள் இருவர் நிரையும் செம்மண் ரோட்டில் ஆரம்பித்து உள்ளே காட்டோரம் வரைக்கும் போகும். அந்த நாளில் மண்டோர் உள்ளே வரமாட்டார். பக்கத்துத் தோட்டத்து மண்டோர் ஒருவரைக் காட்டில் இருப்பவர்கள் மரத்தில் கட்டிவைத்துச் சுட்ட பிறகு எங்கள் மண்டோர் காட்டோரத்தின் பக்கமே திரும்புவதில்லை. சைக்கிளில் ரோட்டோடு வருவார், ஓரத்தில் நாலைந்து வரிசை மரத்தைப் பார்ப்பார், "சரி சரி" என்று போய்விடுவார்.

அதனால் நான் ஒரு யோசனை பண்ணினேன். என்னைவிட்டால் அதைப் பண்ண வேறு ஆளில்லை என்று அப்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் நினைத்தேன். கேட் திறந்ததும் ஓடிப்போய், அப்பாவின் நிரையில் ரோட்டோர மரங்களை முதலில் நான் வெட்டிவிடுவேன். பிறகு என் வேலை. அப்பா உள்ளே போய்க் காட்டோர மரங்களிலிருந்து ஆரம்பிப்பார். மண்டோர் பார்க்கிற மரம் அத்தனையும் சுத்தமாக இருக்கும். பார்க்காத மரம் எப்படி இருந்தால் என்ன?

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

"எம்மரத்த நீ வெட்டுனா அப்புறம் நான் எதுக்கு?" என்றார்.

"நீங்க உள்ளுக்குப் போய் வெட்டுங்கப்பா. மண்டோரு கண்ணுல படாம இருந்தாப் போதும்லா."

"பாலு கொறையுமே."

"அத நான் பாத்துக்கறேன். எவ்வாளியில இருந்து ஊத்திர்றேன்."

அவர் உளியை எடுத்துக்கொண்டு போனார். அவர் கழுத்து ஒரு பக்கமாக இழுத்து இழுத்து விட்டது. ஏழெட்டு மாதம் இப்படி ஓட்டினேன். இரண்டு பேர் வேலையை ஓர் உடம்பு செய்தால் என்ன ஆகும்? மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். அப்பா மேல் எரிச்சல் வரும். செத்தாலாவது நிம்மதி என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

பிறகு ஒருநாள் விடிந்து வேலைக்குப் போனபோது, அடுத்த டிவிஷனில் காட்டுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் மரங்களைப் பராங் கத்தியால் கொத்திப் போட்டிருந்தார்கள். தோட்டம் நடக்கக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டிவிட்டால் மரம் செத்துவிடும். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை போலீஸைக் கூட்டிவந்தார். காட்டோர மரங்கள் ஒன்றையும் விடாமல் பார்க்கவேண்டும் என்று உத்தரவு.

அப்பாவின் நிரையையும் பார்த்தார்கள்.

எனக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அங்கே துரை, ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் ஆபீசர், மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, மண்டோர், மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸ்ஸர் என்று ஐந்து பேர் நின்றார்கள். பின்னால் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அப்பா ஒரு மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். கால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன. பயத்தில் எப்போதையும்விட அதிகமாக ஆடினார்.

"என்னா ஐயா இது?" என்று கிராணியிடம் கேட்டேன்.

கிராணி என்னைப் பார்க்காமல் சொன்னார். "ரோட்டோரத்துல பட்டு மாதிரி வெட்டியிருக்கான். உள்ளுக்குப் போகப் போக ஒவ்வொரு மரத்தயும் கொதறி வச்சிருக்கான். அதுவும் இன்னைக்கி நேத்திக்கு இல்ல, மாசக்கணக்கா. தொரை கேக்குறாரு, கை சரியில்லாதவன்னா எல்லா மரத்துலயுந்தான காயம் இருக்கணும்? மண்டோரு பாக்குற எடத்துல மட்டும் எப்படி நல்லாருக்கு? காட்டுக்காரனுக்காக மரத்தக் கெடுத்துட்டு, முன்னால அழகா வேசம் போட்டிருக்கான்னு சொல்றாரு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் ஏழெட்டு மாதம் உடம்பை ஒடித்து அப்பாவுக்கு எதிராகச் சாட்சி செய்து வைத்திருக்கிறேன். ரோட்டோரத்தையும் அவரே வெட்டியிருந்தால், எல்லா மரத்திலும் காயம் இருந்திருக்கும், வேலை போயிருக்கும். வேலை மட்டும்தான் போயிருக்கும்.

பராங் கொத்தியதற்கும் உளி வழுக்கியதற்கும் வித்தியாசம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். மண்டோருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைச் சொன்னால் இத்தனை மாதம் நீ ஏன் உள்ளே வந்து பார்க்கவில்லை என்று துரை கேட்பார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அப்பாவுக்குச் சீக்குங்க. கையும் காலும் தானா ஆடுதுங்க. அவங்க அப்பாவுக்கும் இருந்துச்சாம்," என்றேன்.

கிராணி டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் உதட்டைப் பிதுக்கினார். "என்கிட்ட ஒருநாளும் மருந்துக்கு வந்ததில்ல. தெனமும் கள்ளுக்கடையில பாக்குறேன். தண்ணி அடிச்சு அடிச்சு நரம்பு போயிருக்கும், அதான் ஆட்டம். ஆனா பாருங்க, வெட்டணும்னா நல்லா வெட்டுறான்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்பா அவருக்குக் காட்டியதை அவர் பார்த்திருந்தார்.

அப்போதுதான் சொன்னேன். "ரோட்டோர மரமெல்லாம் நான் வெட்டுனதுங்க. அவரு வெட்டல. நாந்தான் தெனமும் வந்து வெட்டுவேன். தொரைகிட்ட சொல்லுங்க ஐயா, கும்புடுறேன்."

கிராணி சொன்னார். துரையும் ஆபீசரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஆபீசர் சின்ன வயசுக்காரன், முகம் வெயிலில் சிவந்து கிடந்தது. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். நான் சொன்னதைச் சோதித்துப் பார்க்க நினைத்தான். அது நியாயம்தானே?

"வெட்டிக் காட்டச் சொல்றாரு," என்றார் கிராணி. "ரோட்டோரத்துக்கு வா. நீ வெட்டுன மாதிரியே அந்தக் கோட்டுல வெட்டு. ஒத்துப்போச்சுன்னா உன் பேச்ச நம்புறேங்குறாரு."

எல்லோரும் ரோட்டுக்கு நடந்தோம். அப்பாவையும் எழுப்பி நடத்திக்கொண்டு வந்தார்கள். என்னிடம் உளியைக் கொடுத்தார்கள். நூறு தடவை வெட்டிய மரம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டுவேன் என்று இருந்தவள் நான். உளியைக் கோட்டில் வைத்தேன். ஐந்து பேர் என் கையையே பார்க்கிறார்கள். துப்பாக்கிகள் வேறு. அப்பா "தாயி, பதறாத, மெதுவா," என்றார். இழுத்தேன். நாலு விரற்கடை தூரம் பட்டை ஒழுங்காக வந்தது. பிறகு மணிக்கட்டு துள்ளியது. உளி கட்டையில் இறங்கி நின்றது. பிடுங்கி மறுபடி வைத்தேன். மறுபடியும் இறங்கியது. பால் கோட்டை விட்டுக் காயத்தின் வழியாகத் தாறுமாறாக வடிந்தது.

"இன்னொரு மரம்," என்றேன். "ஐயா, இன்னொரு மரம் குடுக்கச் சொல்லுங்க."

ஆபீசர் தலையை ஆட்டிவிட்டான். அப்பனைக் காப்பாற்ற மகள் பொய் சொல்கிறாள் என்று துரை சொன்னதைக் கிராணி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே விளங்கியது. அப்பாவை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் கால் படியில் நிற்காமல் வழுக்கியது. ஒரு கான்ஸ்டபிள் "நடிக்காத" என்று முதுகில் தள்ளினான்.

விசாரணை, வழக்கு எதுவும் இல்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் அதெல்லாம் தேவையில்லை. கொஞ்ச காலம் முகாமில் வைத்திருந்தார்கள், பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் யாரோ எழுதிய கடிதம் ஒன்று வந்தது. உங்கள் தகப்பனாருக்கு உடம்பு ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை, சோறு தொண்டையில் இறங்கவில்லை, விழுந்துவிடாமல் இருக்கக் கட்டிலோடு கட்டியிருக்கிறோம் என்று. அடுத்த கடிதத்தில் அவர் போய்விட்டார் என்றிருந்தது.

நானும் தங்கச்சியும் எப்படியோ பிழைத்தோம். தூரத்து உறவில் ஒரு பெரியம்மா தன் அறையில் இடம் கொடுத்தாள். எனக்குக் கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். தோட்டத்தை விட்டு சுங்கை காடுட் என்ற ஊர்ப் பக்கம் குடிவந்தோம். நான் பேக்டரியில் கூட்டிப் பெருக்கினேன். பட்ட காலிலே படும் என்பது எங்களுக்குச் சொன்னது. தங்கச்சிக்கு நாற்பது தாண்டியதும் விரல்கள் மடங்கி விரிய ஆரம்பித்தன. எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவள் கோயிலில் நின்றபோது சாமி வந்திருக்கு என்று நாலு பேர் குங்குமம் கேட்டு வந்தார்கள். நான் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பினேன்.

அவளைப் பத்துப் பதினைந்து வருஷம் நான்தான் பார்த்தேன். டவுனில் இருந்த டாக்டரம்மா அப்பாவைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டு, இது குடும்பத்தில் இறங்கும் நோய், பெற்றவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். பிந்திய வருஷங்களில் அதற்குப் பரிசோதனையே வந்துவிட்டது. ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நம் உடம்பின் நாலாவது குரோமோசோமில் ஒரு மரபணு. அதில் சி, ஏ, ஜி என்று மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும். இருபது தடவை வந்தால் ஒன்றுமில்லை. நாற்பதைத் தாண்டினால் வம்பு. அதைப் பார்த்து உடம்பு செய்கிற புரதம் அளவுக்குமேல் நீண்டு, துண்டுபட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் திரள்கிற மாதிரியா என்றேன். கிட்டத்தட்ட என்றார். அது சேரச் சேர மூளைக்கு நடுவில் சில செல்கள் சாகின்றன. கையை ஆடச் சொல்லும் செல்கள் இல்லையாம். வேண்டாத அசைவை அடக்கி வைக்கும் செல்கள்தான் முதலில் சாகுமாம். தங்கச்சிக்கு எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தைந்து.

அப்பா ஒரு மரத்தையும் வேண்டுமென்று காயப்படுத்தவில்லை. எனக்கு அது தெரிந்ததுதான். தாளில் எழுதிப் பார்த்தபோது யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டவேண்டும்போல் இருந்தது. காட்டவேண்டியவர்கள் ஒருவரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்குப் பாதி என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு ரகசிய ஆறுதல் இருந்தது. அன்றைக்கு ரோட்டோரத்தில் என் மணிக்கட்டு துள்ளியதே, அதுவும் இதுதானோ? அப்பாவின் ரத்தம்தானே எனக்கும்? அப்படியென்றால் என் குற்றமில்லை. பத்தொன்பது வயதில் ஒருநாள் தலைகாட்டிவிட்டுப் பிறகு காலமெல்லாம் ஒளிந்துகொள்ளும் நோய் இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் பிடித்துக்கொண்டேன். கையில் டம்ளர் நழுவினால் மற்றவர்கள் பயப்படுவார்கள். நான் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். வரட்டும் என்றுகூட இருந்தது. தங்கச்சியைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டே அப்படி நினைத்திருக்கிறேன். எவ்வளவு கேடுகெட்ட நினைப்பு.

தங்கச்சி போன பிறகு மகள் என்னைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாள். அவளுக்குத் தன் கதி தெரியவேண்டும். பயந்து கொண்டிருந்தது அவள். நான் மறுத்தேன், தள்ளிப்போட்டேன், கடைசியில் போய் ரத்தம் கொடுத்தேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்பா அம்மா கொடுத்த ரெண்டு மரபணுவுல, ஒண்ணுல பதினேழு, இன்னொண்ணுல பத்தொன்பது. உங்களுக்கு இல்லம்மா. இனிமே வரவும் வராது. உங்க மகளுக்கும் பயமில்ல."

மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யார் யாருக்கோ சொல்லவேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாம்மா பேசாம வர? சந்தோசமா இல்லியா?"

"சந்தோசந்தான்லா. ஒனக்கு இல்லேன்னு ஆச்சே, அது போதும்," என்றேன். அது உண்மைதான்.

மற்றதை அவளிடம் சொல்லவில்லை. என் கைக்கு அன்றும் ஒன்றுமில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். பயப்படாமல் ஒரே ஒரு மரத்தை ஒழுங்காக வெட்டியிருந்தால், அப்பாவை என்னோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.